சிலம்பத்துக்கு மேளம் வேண்டாம் என்றவர்கள்

சிங்கப்பூருக்கு அப்போது ஜப்பான்காரர்கள் ஷோனான் என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் மாறியதே தவிர அரிசி வரவில்லை. சண்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் அக்கா பிரசவத்துக்காக என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் ராமையா கிள்ளான் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டத்திலேயே, அதாவது ரப்பர் தோட்டத்திலேயே, மாட்டிக்கொண்டார். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. தகப்பன் முகம் அதற்குத் தெரியாது. தோட்டத்து ஆட்களையெல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்ற செய்தி வந்ததும் அக்கா சாப்பிடுவதை விட்டுவிட்டாள். "நீ போய் அவர இங்க கொண்டாந்து சேரு. எதாச்சும் சாக்கு சொன்னா காதப் புடிச்சி இழுத்துட்டு வா" என்றாள். இதுதான் நான் கிளம்பிய காரணம். ஊர் பார்க்கப் போகவில்லை.

ரயில் விறகில் ஓடியது. கரி கிடையாது. கூரையில்லாத சரக்குப் பெட்டியில் எங்களை நிற்க வைத்தார்கள். புகையோடு தீப்பொறியும் வந்து தலையில் விழுந்தது. என் சட்டையின் தோள் பொத்துப்போயிற்று. பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒருவர் மலாயில் சொன்னார்: "வெள்ளைக்காரன் இருந்தப்ப ரயில் கரி தின்னுச்சு, என் வீட்டு அடுப்பு விறகு தின்னுச்சு. இப்ப என் விறக ரயில் தின்னுது. அடுப்புக்கும் பசி, எனக்கும் பசி." எல்லாரும் சிரித்தோம். அடுத்த ஸ்டேஷனில் நின்ற சிப்பாய் முறைத்ததும் நிறுத்திக்கொண்டோம். ஒரு மனுசன் சிரிப்பதற்குக்கூட அடுத்தவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருந்தது.

கோலாலம்பூரில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்த நானா ஒருவர் கடையில் தங்கினேன். நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம். முன்பு பிரியாணி போட்டுப் பேர் வாங்கியவர். இப்போது மரவள்ளிக்கிழங்குப் புட்டு, மரவள்ளிக்கிழங்கு ரொட்டி, மரவள்ளி இலைக் கறி. காப்பி என்று ஒன்று கொடுத்தார். கருகிய தேங்காய் வாசம்.

"என்ன நானா இது?"

"காப்பின்னு சொன்னா காப்பி. குடிச்சிட்டு கேள்வி கேக்காதீங்க லா" என்றார்.

சிங்கப்பூரிலும் இதே கிழங்குதான். ஆனால் அங்கே கடலில் ஏதாவது கிடைக்கும். இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே கிழங்கு அவியும் வாசம்தான்.

மறுநாள் கிள்ளானுக்கு ஒரு கரிவாயு லோரியில் போனேன். பின்னால் ஒரு பெரிய உருளையில் அடுப்புக்கரி எரிய, அந்தப் புகையில் ஓடுகிற வண்டி. என்னோடு பிரிக்ஃபீல்ட்ஸ் பஜனை சபாக்காரர் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் பாடுகிறவர், ஆர்மோனியத்தைக் கைப்பிள்ளை போல மடியில் வைத்திருந்தார். இன்னொருவர் மிருதங்கக்காரர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ராமையா இருக்கிற அதே தோட்டத்தின் பேரைச் சொன்னார்கள்.

"ஜப்பான் ஆபீசர் வர்றாராம். சிலம்ப ஆட்டம் இருக்காம். அதுக்கு வாசிக்கத் தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி கூப்பிட்டிருக்கார்" என்றார் பாடகர்.

"சிலம்பத்துக்கு ஆர்மோனியமா?"

"அதான் எனக்கும் புரியல. ஒரு சேர் கிழங்கு மாவு தர்றேன்னாரு. வந்துட்டேன்."

மேட்டில் வண்டி மூச்சு விட்டு நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். ஆர்மோனியக்காரர் மட்டும் இறங்கவில்லை. "பெட்டிக்குள்ள காத்துத் தூசு போயிரும்" என்றார். மிருதங்கக்காரர் தள்ளிக்கொண்டே சொன்னார்: "அவரு அப்படித்தான் அண்ணே. கச்சேரிலயும் நான்தான் தள்ளுவேன்."

கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் காவல். குனிந்து கும்பிட வேண்டும். நான் குனிந்தது போதவில்லையாம். கன்னத்தில் ஒரு அறை. என்னை அறைந்தவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என் கை துறைமுகத்தில் பாரம் தூக்கிய கை. திருப்பிக் கொடுத்திருந்தால் ஆற்றில்தான் எடுத்திருப்பார்கள் அவனை. என்னையும்தான். மறுபடி குனிந்தேன். இதை எழுதும்போதும் கன்னம் சுடுகிறது.

தோட்டம் கிள்ளானுக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்கும் நடுவில். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டு இல்லாத வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும். ராமையா அத்தானைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தெலும்பு வெளியே வந்திருந்தது. ஆனால் கையில் கம்பு. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மாப்ள, புள்ள கறுப்பா செவப்பா?"

"உங்க கலர்தான். கிளம்புங்க, நாளைக்கே போவோம்."

"நாளைக்கு முடியாது. ஆட்டம் முடியட்டும்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தில் பெரிய ஆள் ஆபீஸ் கிராணிதான். ஜப்பான் ஆபீசர் முன்னால் சிலம்பம் ஆடிக் காட்டுகிறவர்களின் பேர் சயாம் கணக்கில் போகாது என்றும், ஊர் விட்டு ஊர் போக அவர்களுக்குச் சீட்டு கிடைக்கும் என்றும் கிராணி சொல்லியிருக்கிறார். ஆடாமல் நழுவினால், பிடிபடுகிற இடத்திலேயே சயாம் லோரி. அத்தான் ஆடித்தான் ஆக வேண்டும். அக்காவின் புருஷன் ஊர் வந்து சேருவதும் சேராததும் ஒரு கம்பாட்டத்தில் தொங்கியது.  வேறு வழி தெரியவில்லை.

அடுத்த நாள் ஒத்திகை, பந்து விளையாடும் திடலில். நான் எத்தனையோ சிலம்பம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. ஆர்மோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக ஒரு பக்திப் பாட்டை இழுத்தார். மிருதங்கம் அதன் பின்னால் நடந்தது. நடுவில் அத்தானும் இன்னொரு ஆளும் கம்போடு விழித்துக்கொண்டு நின்றார்கள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எதிராளியின் கம்பு அத்தானின் விரல் முட்டியில் விழுந்தது. தோல் பிய்ந்து ரத்தம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிலம்பத்தில் கால் மேளத்தின் அடியில் விழும். கம்பு இரண்டு அடிக்கு நடுவில் வரும். எதிரே நிற்கிறவன் காதிலும் அதே அடிதான் விழுகிறது. அதனால் வீச்சு வரும் நேரம் அவனுக்குத் தெரியும், ஒதுங்குவான். இரண்டு பேரையும் காப்பாற்றுவது மேளம். அடி குழம்பினால் மண்டை உடையும். அந்த மேளம் பறை. தோட்டத்தில் தப்பு என்பார்கள். அதை அடிக்கிறவர் சன்னாசி. கூட அடித்த ஆட்கள் ஏற்கெனவே சயாம் போய்விட்டார்கள். இவர் ஒருவர்தான் மிச்சம். சன்னாசி திடலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் விரலைச் சூப்பிக்கொண்டு போனதும் உரக்கச் சொன்னார்:

"பாட்டு நல்லாருக்குய்யா! ஆட்டக்காரன் செத்தா அப்படியே தேவாரத்துக்கு மாத்திக்கலாம்!"

நான் நேரே கிராணியிடம் போனேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை. "ஏங்க சன்னாசிய அடிக்க விடல?" என்றேன்.

"தம்பி, பெரிய ஆபீசர் வர்ற எடம். தப்பு மேளம் சாவுக்கு அடிக்கிறது. அத அடிக்கிறவன் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. நம்ம கலைய கௌரவமா காட்டணும்."

"ஜப்பான்காரனுக்கு நீங்களும் கூலி, அவரும் கூலி. பாலத்துல ரெண்டு பேரும் ஒரே அளவுதான் குனியணும்."

அவர் முகம் சிவந்தது. நான் விடவில்லை. சண்டைக்கு முன்னால் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நான் பார்த்ததைச் சொன்னேன். பிரேசில் நாட்டு ஆள்கள் வேலை செய்த ஒரு சரக்குக் கப்பல். இரண்டு கறுப்பு மாலுமிகள் மேல்தளத்தில் ஆடினார்கள். ஆட்டமா சண்டையா என்றே தெரியவில்லை. கையைத் தரையில் ஊன்றிக் காலால் வீசுகிறான், மற்றவன் சுழன்று அடியில் போய்விடுகிறான். மேலே படவே இல்லை. மூன்றாமவன் ஒரு வில்லை வைத்து வாசித்தான். ஒரே கம்பி, கீழே ஒரு சுரைக்குடுக்கை, குச்சியால் தட்டுகிறான். அவன் வேகமாகத் தட்டினால் இவர்கள் வேகம், அவன் அடக்கினால் இவர்கள் அடக்கம். அந்தக் கப்பல் கோவாக்காரச் சமையல்காரனுக்கு அவர்கள் பாஷை தெரியும். கப்போய்ரா என்று பேர் சொன்னான். கரும்பு வெட்டுவதற்காகக் கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் ஆட்டமாம். சண்டை பழகினால் எஜமான் கொல்லுவான் என்று, சண்டையை ஆட்டத்துக்குள்ளே ஒளித்து வைத்தார்களாம். வில்லுக்காரன்தான் அதில் பெரிய ஆள். அவன் முன்னால் குந்தி வணங்கித்தான் உள்ளே இறங்குகிறார்கள்.

"நம்மள கித்தா வெட்டக் கப்பல்ல கொண்டாந்தான், அவங்கள கரும்பு வெட்ட. ஆனா அவங்க வாசிக்கிறவனக் கும்புடுறாங்க. நீங்க வாசிக்கிறவன வெளிய ஒக்கார வைக்கிறீங்க" என்றேன்.

"காப்பிரிங்க ஆட்டத்துக்கும் நம்ம ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கிராணி சிரித்தார். ஆபீசில் எழுத்து வேலை பார்த்த அவர் மகனும் கூடச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் எரிச்சலாக இருக்கிறது.

மேளம் இல்லாமல் முடியாது என்று அத்தான் கம்பைக் கீழே வைத்துவிட்டார். கிராணிக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பம் என்பார்கள், சிலாட் என்கிற அவர்கள் சண்டை ஆட்டத்துக்குக் கெண்டாங் மேளம் அடிக்கிற பாக் மாட் என்ற மலாய்க்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். சன்னாசியின் தோல் மேளம் ஆகாது, பாக் மாட்டின் தோல் மேளம் ஆகும்! எந்தக் கணக்கு இது என்று நான் கேட்டேன். 

பாக் மாட் வந்தார், மேளத்தோடு. அத்தானைக் கொஞ்சம் ஆடச் சொல்லிக் கால்களையே பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: "கெண்டாங் இல்லாமல் ஆடினால் அது சிலாட் இல்லை, சண்டை. அது எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் உங்கள் கால் எனக்குத் தெரியாது. மரத்தடியில் ஒருத்தர் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறாரே, அவருக்குத் தெரிகிறது. அவர் இருக்க என்னை ஏன் கூப்பிட்டீர்கள்?" கிராணி தொண்டையைக் கனைத்தார். சன்னாசி அங்கிருந்தே, "தெரிமா காசே, பாக்!" என்று நன்றி சொல்லிக் கும்பிட்டார்.

கடைசியில் ஒரு ஏற்பாடு. சன்னாசி அடிக்கலாம், திடலுக்குள் வரக்கூடாது. முள்கம்பி வேலிக்கு வெளியே, ரோட்டோர வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று அடிக்க வேண்டும். சத்தம் உள்ளே வரலாம், ஆள் வரக்கூடாது. எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. சன்னாசியோ, "விடுங்க அண்ணே. வெளிய நின்னா காத்தாச்சும் வரும். உள்ள கிராணி சந்தன வாசம் தாங்காது" என்றார். சிரிக்க வைத்துவிட்டு அவர் காறித் துப்பினார். அந்தத் துப்பலில் சிரிப்பு இல்லை.

ஆட்ட நாள். சாயங்கால வெயில். முன்வரிசையில் நாற்காலி, கிராணி, மகன், சபாக்காரர்கள், சட்டை போட்ட நாலைந்து பேர். பின்னால் தரையில் லயத்து ஜனம். சாப்பாடு உண்டு என்று சொல்லியிருந்ததால் பண்டமாரானிலிருந்தெல்லாம் ஆண்கள் வந்திருந்தார்கள். ஆபீசருக்குப் போட்ட நாற்காலி காலி. நான் வேலியோரம் நின்றேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சன்னாசி சருகு கொளுத்தித் தோலைக் காய வைத்தார். பிறகு தோளில் மாட்டி அடிக்க ஆரம்பித்தார்.

அத்தான் திடலின் நடுவே போனார். யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தார். காலி நாற்காலிக்கு முதுகைக் காட்டி, வேலிப் பக்கம் திரும்பி, மேளத்துக்கு வரிசை எடுத்து வணங்கினார். கிராணி பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஆட்டம். எலும்பும் தோலுமான மனுசன் எங்கிருந்து அந்த வேகத்தை எடுத்தாரோ! கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றுச் சத்தம் மட்டும். ஜனம் பசியை மறந்து கத்தியது.

மேளம் மாறியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. வேகம் அறுந்து, மெதுவாக, ஒரு கனத்த அடி, இடைவெளி, மறுபடி கனத்த அடி. பிணத்தைத் தூக்கும்போது அடிக்கிற அடி. கொண்டாட்டத்தில் அதை ஒருவரும் விளையாட்டுக்குக்கூட அடிக்க மாட்டார்கள். அத்தானின் கம்பு பாதியில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த லயத்துப் பெண்கள் எழுந்தார்கள். சன்னாசி அடித்துக்கொண்டே முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக் காட்டினார். மரங்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிய பட்டாள லோரிகள் வரிசையாக, காலியாக, சயாமுக்கு ஆள் ஏற்ற. ரோட்டில் நின்றவருக்குத்தான் அது தெரியும்.

கிராணி வேலிக்கு ஓடிவந்தார். பயந்து அல்ல. "டேய், நல்ல காரியத்துல சாவு மேளமா அடிக்கிற! நிறுத்துடா!" என்று கத்தினார். லோரியை அவர் பார்க்கவே இல்லை. சன்னாசியின் கையைத்தான் பார்த்தார். மகன் எழுந்து நின்று ஜனத்தைப் பார்த்தான். கிராணி திரும்பி அதட்டினார்: "ஒக்காருடா! ஆபீசர் வர்ற நேரம். கூலிக் கூட்டந்தான் ஓடும், நாம ஓடுறதா?" மகன் உட்கார்ந்தான். முன்வரிசை முழுக்க உட்கார்ந்தது.

அத்தான் கம்பைப் போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆண்களெல்லாம் கித்தா காட்டுக்குள் சிதறினார்கள். நாங்கள் பாக் மாட்டின் கம்பத்துப் பக்கம் ஓடினோம். ஓடுகிற வழியெல்லாம் மேளம் கேட்டது. மரத்தின் மறைவிலிருந்து அத்தான் திரும்பிப் பார்த்தார். லோரிகள் திடலுக்குள் நுழைந்துவிட்டன. சன்னாசி வாய்க்கால் ஓரத்திலேயே நின்று அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் திறந்த ரோடு, முதலிலேயே ஓடியிருக்கலாம். ஒரு சிப்பாய் உதைத்த பிறகுதான் மேளம் நின்றது. பாக் மாட் வீட்டில் எங்களை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்தார்கள். நெல் இல்லை, அதனால் இடம் இருந்தது.

விடிந்ததும், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அத்தான் தோட்டத்துக்குப் போனார். நானும் போனேன். ஓடியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்திருந்தார்கள். முன்வரிசை ஆட்களும் சன்னாசியும் ஓட முடியாத சிலரும் சயாம் லோரியில் போய்விட்டார்கள். சபாக்காரர் இரண்டு பேரும் போய்விட்டார்கள். கிராணி வயதானவர் என்று விட்டுவிட்டார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"அந்தப் பாவி சாவு மேளம் அடிச்சான். என் புள்ளய கொண்டு போயிட்டான்."

நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த மேளத்தைக் கேட்டு ஓடித் தப்பித்தவர்களே தலையாட்டினார்கள்! "ஆமா, நல்ல நாள்ல அப்படி அடிச்சிருக்கக் கூடாது" என்றார் ஒருவர். எனக்கு ரத்தம் கொதித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

"மேளம் சொல்லிச்சு, எந்திரிங்கன்னு. உங்க மவன் எந்திரிச்சான். ஒக்கார வச்சது நீங்க" என்றேன்.

 ஊராருக்கு என் மேல்தான் கோபம்.

வாய்க்கால் ஓரம் பறை கிடந்தது. ராத்திரிப் பனியில் தோல் தொய்ந்திருந்தது. அந்தப் பாதையில் காலையிலிருந்து எத்தனை பேர் போயிருப்பார்கள்! ஒதுங்கிப் போன கால்தடம் புல்லில் தெரிந்தது. அத்தான் குனிந்து எடுத்துத் துண்டால் துடைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, எல்லார் நடுவிலும் நடந்து கடைசி லயத்துக்குப் போனார். சன்னாசியின் பெண்சாதி அஞ்சலை வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது; கை நிற்கவில்லை.

"இத இங்க வச்சா கறையான் தின்னும் அண்ணே. இல்லன்னா பசிக்கு நாங்களே அவிச்சித் தின்னுருவோம். நீங்க எடுத்துட்டுப் போங்க. அவரு வந்தா அங்க வந்து வாங்கிக்குவாரு. வாய் இருக்குல்ல, கேட்டுக்கிட்டே வந்துருவாரு."

"சிங்கப்பூர் தூரம் அஞ்சல" என்றார் அத்தான்.

"சயாம விடவா?" என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நானா மூலம் எங்களுக்கு ஒரு சரக்கு ரயிலில் இடம் கிடைத்தது. எப்படி என்று எழுத மாட்டேன். அவர் பறையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கோணி ஒன்று கொடுத்து, "தோலு நனையாம பாத்துக்கங்க" என்றார். பெட்டியில் கால் வைக்க இடமில்லை. சீனர், மலாய்க்காரர், நம்மவர், கோழி, மூட்டை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. பறை அத்தானின் மடியில் இருந்தது. 

எங்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம்ம ஆள், படித்தவர் மாதிரி தெரிந்தது. கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்தவர் கோணி விலகி இருந்ததைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"தம்பி, அது அந்த மேளந்தானே? நான் சாப்புடணும். கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க."

அத்தான் பறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான்தான் பதில் சொன்னேன்.

"இதுல அந்தப் பக்கம்னு ஒண்ணு கெடையாதுங்க. பெட்டி இவ்ளோதான். பசிச்சா இங்கயே தின்னுங்க. இல்லன்னா எறங்கிக்குங்க."